பெயர் உலரும் வரை

அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறீர்களா அம்மா? கோபித்துக்கொள்ளாதீர்கள். மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது, அடியில் ஈரம் தெரிகிறது. என்னுடையது துணிப்பை. உள்ளே இருப்பதற்கு ஈரம் ஆகாது.

இல்லை, தின்பதற்கு ஒன்றுமில்லை அதில். தின்பது இந்த வயர்கூடையில் இருக்கிறது. என் ஓரகத்தி கட்டிக் கொடுத்த புளியோதரை. வேண்டாம் என்றுதான் தலையாட்டினேன். பஸ் ஏறுகிற வரைக்கும் கையில் பிடித்துக்கொண்டே கூட வந்தாள். தெருவில் நின்று எத்தனை தடவை தலையாட்டுவது? வாங்கிக்கொண்டேன். துணிப்பையில் இருப்பது சிடி. பதின்மூன்று இருக்கிறது. பன்னிரண்டு நல்லது, ஒன்று கெட்டது. கெட்டதைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், மகளிடம் காட்ட. வாயால் சொன்னால் நம்பமாட்டாள். "சித்தி அப்படியெல்லாம் செய்யமாட்டாங்கம்மா" என்பாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நீங்கள் கடலூரா? நல்லது. நான் சென்னை வரைக்கும். எப்போது திரும்புவேன் என்று யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.

மயிலாடுதுறையில்தான் வீடு. எழுதும்போது மயிலாடுதுறை, பேசும்போது மாயவரம்தான் வரும் எனக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு. அண்ணனுக்கு நான் வாழ்க்கைப்பட்டேன், தம்பி சபாபதிக்குத் தையல்நாயகி. தையு என்று கூப்பிடுவோம். என் கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கிறேன். இருந்தேன்.

தையு இரண்டாம் வகுப்பு. நான் பி.ஏ. தமிழ் இலக்கியம். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது உங்களுக்குப் புரிய வேண்டுமே என்று சொல்கிறேன். கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தினேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவேன். எத்தனையோ பேருடைய புத்தகம் என் கையில் சுத்தமாகி வெளியே போயிருக்கிறது. எதிலும் பிழை திருத்தியவர் பெயர் போடமாட்டார்கள். அது வழக்கமில்லை. சின்ன வயதில் பத்திரிகைக்கு நாலு கவிதை அனுப்பினேன், நாலும் திரும்பி வந்தது. அதோடு விட்டுவிட்டேன். பெயர் அச்சில் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, சொல்லுங்கள்.

தையுவுக்குக் குரல் உண்டு. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் நலங்கு என்றால், ஊஞ்சல் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் பாட்டு? அவள் அம்மாவிடம் கேட்டது நாலோ ஐந்தோ. அதிலும் பாதி அடி மறந்துபோய் லாலா என்று இழுத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியில் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது, காது பொறுக்காமல், விட்டுப்போன அடிக்கு நான் ஓர் அடி சொன்னேன். திரும்பிப் பார்த்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு அடியெல்லாம் போய் முழுப் பாட்டாகவே நான் சொல்ல, அவள் பிடித்துக்கொள்வாள். தாளில் எழுதிக் கொடுத்துப் பயனில்லை அவளுக்கு. நான் காய் நறுக்கிக்கொண்டே சொல்வேன், அவள் தாளித்துக்கொண்டே பாடுவாள். நாற்பது வருஷம்.

வாசல்வரை வந்த மழை உள்ளே வரக் கூசுதம்மா
மாலையிட்ட மகளைக் கண்டு மனம்விட்டுப் பேசுதம்மா

இது ஒன்று. ஊஞ்சலுக்கு. நான் சொன்னது 'மெல்லமொழி பேசுதம்மா' என்று. அவள் 'மனம்விட்டு' என்று மாற்றிக்கொண்டாள். எத்தனை முறை திருத்தியிருப்பேன். "சரிக்கா, சரிக்கா" என்பாள், மணையில் உட்கார்ந்தால் மறுபடி மனம்விட்டுதான். மாலைக்கும் மகளுக்கும் மனம் இயைந்து வருகிறது என்பது வாஸ்தவம். அது வேறு விஷயம்.

இந்தக் கார்த்திகையில் தையுவின் மகளுக்குக் கல்யாணம். பூங்கோதை. பெயர் வைத்ததே நான்தான். அவள்தான் ஆரம்பித்து வைத்தாள். "பெரியம்மா, தாம்பூலப் பையில சாத்துக்குடியும் பிளாஸ்டிக் டப்பாவும் எல்லாரும்தான் குடுக்கறாங்க. அம்மா பாட்ட சிடியா போட்டுக் குடுப்போம்" என்றாள். தெருக்கோடியில் ஞானவேல் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், நாற்பது வயது இருக்கும், நிதானமான மனுஷர். அவர் கடையின் பின்னறையில் சுவரெல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, தையு பதினொரு பாட்டுப் பாடினாள். ஒரே மூச்சில் பாடினாள். அது ஒன்றும் தகராறில்லை. தகராறு சிடியின் முகத்தில் ஆரம்பித்தது.

முகம் என்றுதான் ஞானவேல் சொல்வார். பாட்டு இருக்கிற பக்கம் பளபளப்பு. இந்தப் பக்கம் வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மை குடிக்கிற பக்கம். அதுதான் முகம். ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். "நம்ம ஊர் புழுக்கத்துக்கு உரிஞ்சுக்கும்மா. ப்ளேயருக்குள்ள போய் மாட்டிக்கும். நேரா முகத்துலயே அடிச்சிடலாம்" என்றார். என்ன அடிப்பது என்று கூடத்தில் உட்கார்ந்து பேசினோம். மேலே பூங்கோதை பெயர், மாப்பிள்ளை பெயர், தேதி. நடுவில் துளை. கீழே 'குரல்: தையல்நாயகி சபாபதி.' அதற்கும் கீழே ஒரு சின்ன வரி. 'சொற்கள்: அபயாம்பாள்.'

அபயாம்பாள் நான்தான்.

நான் கேட்கவில்லை. கோதைதான் போட வேண்டும் என்றாள். நான் எழுத்தின் அளவை மட்டும் சொன்னேன், எட்டுப் புள்ளி போதும், அரக்கு நிறத்தில் இருந்தால் கண்ணை உறுத்தாது என்று. சபாபதி, என் கொழுந்தனார், "நலங்குப் பாட்டுக்கெல்லாம் யாரு அண்ணி பேரு போடறா? சாமி பாட்டு மாதிரி அதுபாட்டுக்கு இருக்கறதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குத் தையு என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா பேரு இல்லாம என்ன சிடி? என் பேர எடுத்தாலும் எடுங்க" என்றாள். அவ்வளவு பேர் முன்னாலும். நல்லவளாகப் பேசுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

ஜன்னலை இறக்கிவிடுங்கள், சாரல் அடிக்கிறது. இந்த மழைதான். கல்யாணம் வெள்ளிக்கிழமை, ஞானவேல் அச்சடித்து முடித்தது திங்கட்கிழமை, மழை பிடித்ததும் திங்கட்கிழமை. நூற்றிருபது சிடி. அவர் கடையில் காயவைக்க இடமில்லை. அட்டைப் பெட்டியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, நடுவில் எண்ணெய்த்தாள் வைத்து, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். விரலால் முகத்தைத் தொடக்கூடாது, ஓரத்தையும் துளையையும்தான் பிடிக்கலாம். ஒன்றின்மேல் ஒன்று வைக்கக்கூடாது. உறையில் போட அவசரப்படக்கூடாது, ஒரு முழு நாளாவது காற்றில் கிடக்க வேண்டும். மின்விசிறியை நேராகத் திருப்பினால் தூசி வந்து ஒட்டும். வெயிலும் கூடாது, நிறம் வெளுக்கும். "இது தண்ணியில கரையிற மைம்மா. காஞ்சிடுச்சுன்னு நெனச்சிட்டு இருப்போம், ஈரம் பட்டா மறுபடி அழும்" என்றார். அழும் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் அச்சகத்து மை எண்ணெய் மை, அது அழாது. அப்பும், அவ்வளவுதான்.

எங்கே பரப்புவது? கல்யாண வீடு. கூடத்தில் ஆள், தின்னும் பண்டம், பூ, கூச்சல். பின்கட்டில் ஓர் அறை இருக்கிறது, தட்டுமுட்டுச் சாமான் போடுவது. அதை ஒழித்தேன். தரையில் பரப்பினால் ஓதம் ஏறும். நவராத்திரிக்கு வைக்கிற கொலுப்படி இருக்கிறதே, இரும்புச் சட்டம், கழற்றி மாட்டுவது, அது நினைவுக்கு வந்தது. எனக்கே என் மூளையை நினைத்துச் சந்தோஷம். ஐந்து படி மாட்டி, வெளுத்த வேட்டியை விரித்து, படிக்கு இருபத்துநாலு, முகம் மேலே பார்க்க வரிசையாக வைத்தேன். ஒரு மூலையில் குமுட்டியில் கரி மூட்டி வைத்தேன், காற்றில் ஈரம் குறையட்டும் என்று. மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பினேன். பார்க்க எப்படி இருந்தது என்கிறீர்கள். நூற்றிருபது முகம். ஒவ்வொன்றிலும் கீழே அந்தச் சின்ன அரக்கு வரி.

கதவில் எழுதி ஒட்டினேன். பெரிய எழுத்தில், நல்ல தாளில். 'நிறம் உலரும் வரை கரம் படாதிருக்க வேண்டுகிறேன்.' இதைவிட மரியாதையாக ஒருவரால் எழுத முடியுமா?

செவ்வாய்க்கிழமை காயவில்லை. ஓரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், பிசுபிசுவென்றது. வெளியே மழை நூல் நூலாக விழுகிறது. குமுட்டிக்குக் கரி போட்டுக்கொண்டே இருந்தேன். தையு இரண்டு தடவை வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, சாம்பிராணி போடட்டா? வாடையா இருக்கு" என்றாள். புகை படிந்தால் முகம் மங்கும் என்று விரட்டினேன். "சாப்பிட வாங்கக்கா" என்று இன்னொரு தடவை. நான் போகவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்தது. அது போனபோதெல்லாம் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு, சிடிக்கு வீசாமல் சுவருக்கு வீசிக்கொண்டிருந்தேன். சபாபதி அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்தார். "அண்ணி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடறேன். சுவருக்கு விசிறி போடறவங்க வீடுன்னு நெனச்சிடப் போறாங்க" என்றார். அவருக்குக் கேலி.

புதன்கிழமை ஞானவேல் ஒரு டப்பா கொடுத்தார். மேலே அடிக்கிற மருந்து, கண்ணுக்குத் தெரியாத மேல்பூச்சு மாதிரி. அதை அடித்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் மை அழாது. ஓர் அடி தள்ளி நின்று, கையை ஓட்டிக்கொண்டே, மெல்லிசாக ஒரு வீச்சு. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வீச்சு. முதலில் கொஞ்சத்துக்கு அடித்துப் பாருங்கள் என்றார். பதினாலுக்கு அடித்தேன். பன்னிரண்டு அருமையாக வந்தது. இரண்டில் பால் படர்ந்தது போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. கேட்டதற்கு, காற்றில் ஈரம் இருந்தால் அப்படித்தான், மழை விட்டதும் மற்றதை அடித்துக்கொள்ளலாம் என்றார். மழை விடட்டும் என்று நிறுத்தினேன். சபாபதி, "வீடெல்லாம் மூட்டைப்பூச்சி மருந்து நாத்தம். அப்படியே எல்லாத்துக்கும் அடிச்சு முடிங்க அண்ணி, கொஞ்சம் வெளுத்தா என்ன" என்றார். வெளுத்தால் எழுத்து தெரியாதே. பிழையோடு ஒன்றை வெளியே அனுப்பி எனக்குப் பழக்கமில்லை.

மழை விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. எல்லாமே உலர்ந்திருந்தது அம்மா, மூன்று நாள் கரிச்சூட்டில். மருந்து அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, காகித உறையில் போட்டு, வெற்றிலையைத் துடைத்து வைத்தால் போதும் என்று முடிவுசெய்து, உறை வாங்க ஞானவேல் கடைக்குப் போனேன். அங்கே ஒரு மணி நேரம். வீட்டுக்குத் திரும்பி, குடையை மடக்கிவிட்டு, பின்கட்டுக்குப் போனால் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே தையு. கையில் பித்தளைக் கிண்ணம். வலது கட்டைவிரல் முழுக்க மஞ்சள்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு மூலையில் மஞ்சள் தடவுவார்கள். புதுத்துணிக்குத் தடவுவார்கள். மஞ்சளைக் குழைத்து எல்லாவற்றிலும் வைத்துவிட்டாள். குழைத்தது எதில், தண்ணீரில். நூற்றிருபதிலும். கடைசிப் படியில் கடைசிச் சிடிக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஒரு பூசை முடித்த முகம்.

"என்ன தையு இது?"

"மஞ்சள் வெச்சேன்க்கா. நாளைக்குப் பையில போடறதாச்சே, வெறுமனயா குடுக்கறது?"

"கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே."

"அது சுலோகம்னு நெனச்சேன்க்கா. கொலுப்படி மேல வெச்சிருந்தீங்களா, அதான்."

சுலோகமாம். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மருந்து அடித்ததில் மஞ்சள் மேலே பொட்டாக உட்கார்ந்திருந்தது. அடிக்காததில் மை அழுதிருந்தது. சரியாக ஓர் இடத்தில்தான் அழுதிருந்தது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி, எதை எடுத்தாலும் அதே இடம். என் பெயர் இருந்த இடம். மேலேயும் இல்லை, பக்கத்திலும் இல்லை.

"எல்லாத்துலயும் என் பேர் மேலேயே வெச்சிருக்கியே."

"ஆமாக்கா" என்றாள். மறுக்கவே இல்லை. "ஒண்ண எடுத்துக்கிட்டுப் போயி கோதகிட்ட, இதுல பெரியம்மா பேரு எதுன்னு கேட்டுக்கிட்டு வந்துதான் வெச்சேன். அவ மருதாணிக் கையோட மூக்காலதான் காமிச்சா."

கேட்டீர்களா? தெரியாமல் செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து செய்திருக்கிறாள். அவள் பெயர் அப்படியே இருக்கிறது, என் பெயர் போய்விட்டது. நாற்பது வருஷம் வாயே திறக்காமல் மனதில் என்ன வைத்திருந்தாளோ. பாடியது அவள், ஊரெல்லாம் கொண்டாடியது அவளை, ஒரு வரி எனக்கு வரப்போகிறது என்றதும் தாங்கவில்லை. நான் கேட்டேன். நிறையக் கேட்டேன். எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத்தான்க்கா வெச்சேன். நாளைக்கு மண்டபத்துல..." என்று ஆரம்பித்தாள். "மண்டபத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லாதே" என்று நிறுத்திவிட்டேன்.

அவள் பேசவில்லை. நானும் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

மருந்து நன்றாகப் பிடித்த பன்னிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தேன். சுத்தமாக வந்துவிட்டது. அடியில் எழுத்து அப்படியே நின்றது. ஞானவேல் சொன்னது பொய்யில்லை. தையு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதோ நாலாவதோ துடைக்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கெடுத்தது அவள். அழுகிறதும் அவளே. இதற்கு நான் என்ன செய்ய?

வைத்தீஸ்வரன்கோயில் தாண்டியாயிற்றா? கவனிக்கவில்லை. தையல்நாயகி என்பது அந்த ஊர் அம்மன் பெயர். எண்ணெயும் கையுமாக எல்லோருடைய நோவுக்கும் நிற்கிறவள் என்பார்கள். பெயரில் என்ன இருக்கிறது.

கல்யாணம் நன்றாக நடந்தது. என் மகளுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. குறை சொல்லக்கூடாது. கெட்டதையெல்லாம்கூடப் பையில் போட்டுவிட்டார்கள். "பாட்டு பாடுதுல்ல, அது போதும்" என்று சபாபதி சொல்லிவிட்டார். நான் மண்டபத்தில் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வாசலில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் நிற்பார்கள் அல்லவா, அந்தப் பக்கம் போகிற வேலை எனக்கில்லை, சமையல்கட்டு வழியாக வந்துவிட்டேன். முகூர்த்தம் முடிந்து மஞ்சள் குங்குமத் தட்டை வரிசையாக எடுத்துக்கொண்டு வருவார்கள். நம் முன்னால் வரும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு கணம் கை தடுமாறும், பாவம். அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாமே என்று நானே கைகழுவப் போவதுபோல எழுந்துவிடுவேன். ஆறு வருஷமாக அப்படித்தான். யாரும் என்னை எழுப்பியதில்லை. இதெல்லாம் ஒரு விஷயமா? நான் படித்தவள். நீங்கள் கேட்டதால் சொன்னேன். கேட்கவில்லையா? சரி.

பை கொடுக்கிற இடத்தில் தையு நின்றாள். பெண்ணின் அம்மாவுக்கு அங்கே என்ன வேலை? ஆனால் நின்றாள். ஒவ்வொருத்தரிடமும் பையைக் கொடுத்து, ஏதோ சொல்லி, தூண் பக்கம் என்னைக் கைகாட்டினாள். எனக்கு அவ்வளவு தூரத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நாதஸ்வரம். ஆனால் என்னைப் பற்றித்தான். கைகாட்டிக் கைகாட்டிச் சொன்னாள். வந்தவர்களும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சில பேர் கிட்டே வந்து கும்பிட்டுவிட்டுக்கூடப் போனார்கள். ஒரு கிழவி வந்து என் முகவாயைத் தொட்டு, "வாசல்வரை வந்த மழை" என்றாள், வேறு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். என்ன சொல்லி வைத்திருந்தாளோ. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் பரிதாபம் பிடிக்காது.

சரி. சாட்சியைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் நான் மிகைப்படுத்துகிறேன் என்று உங்களுக்கும் தோன்றக்கூடாது. கை ஈரமில்லையே? ஓரத்தைப் பிடியுங்கள். அப்படித்தான். மேலே பூங்கோதை, மாப்பிள்ளை, தேதி. பாருங்கள், ஒரு துளி படவில்லை. துளைக்குக் கீழே குரல், தையல்நாயகி. அதுவும் அப்படியே. அதற்கும் கீழே. ஆமாம், அதுதான். அந்த மஞ்சளுக்கு அடியில்தான் நான் இருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம், கல்யாணத்துக்கு அடித்ததென்றால் பெண் பெயருக்குத்தான் வைப்பார்கள். மாப்பிள்ளை பெயருக்கு வைப்பார்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன். யாராவது பெண் பெயரை விட்டுவிட்டு வைப்பார்களா? பெற்ற மகளின் பெயர். அதை விட்டுவிட்டாள். தன் பெயர், கழுத்தில் தாலியோடு இருக்கிறவள், அதையும் விட்டுவிட்டாள். இரண்டையும் விட்டு, கோதையிடம் போய்க் கேட்டு, நூற்றிருபது தடவை குனிந்து குனிந்து, என் பெயருக்கு...

அவளுக்கு முட்டிவலி. குனிந்தால் எழ முடியாது.

இது கொள்ளிடமா? தண்ணீர் நிறையப் போகிறது. மழை அப்படி.

'உங்களுக்குத்தான்க்கா வெச்சேன்' என்றாள். 'நாளைக்கு மண்டபத்துல' என்று ஆரம்பித்தாள். நான் முடிக்க விடவில்லை. நாளைக்கு மண்டபத்தில் என்ன. தட்டு வரும். வரிசையாக வரும். நான் எழுந்து போவேன். நான் எழுந்து போவதை யாரும் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் அம்மா. கைக்குட்டையை உள்ளே வையுங்கள். துடைக்காதீர்கள். இதற்கு மேலே மருந்து அடிக்கவில்லை, எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். எழுத்து போனால் போகட்டும், அதற்கில்லை. பன்னிரண்டு நல்லது, ஒன்று கெட்டது என்று சொன்னேன் அல்லவா முதலில். அந்தப் பன்னிரண்டிலும் இருந்ததை நானே ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டேன். அவள் பார்க்கப் பார்க்கத் துடைத்தேன். மற்றதெல்லாம் யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

கொடுங்கள் இப்படி. இந்தப் பூத்துவாலையில் சுற்றி வைத்துக்கொள்கிறேன். காய்ந்துதான் இருக்கிறது. இருந்தாலும்.

சிதம்பரத்தில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்? அங்கிருந்து மாயவரத்துக்கு அடிக்கடி பஸ் இருக்குமில்லையா. இந்தப் புளியோதரையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்குக் காணும், அவள் எப்போதுமே அதிகமாகத்தான் கட்டுவாள். இல்லை, வேண்டாம், கொடுங்கள், நானே வைத்துக்கொள்கிறேன். திருப்பிக் கொண்டுபோனால் சாப்பிடவில்லையா என்று கேட்பாள். அப்படியாவது முதலில் அவள் பேசட்டும்.

சிதம்பரம் வருகிற வரைக்கும் அந்தத் தண்ணீர் பாட்டிலை உங்கள் காலடியிலேயே வைத்திருங்கள் அம்மா.